தீபா விட்ட ரெட்டு

– அத்த மட்டும் கேக்காத ஷர்மிளா. வேற இன்னா வேணா கேளு, தரேன்.

– மெதுவாப் பேசு ஜெயப்ரியா. உள்ள கேரம் போர்டுக்குப் பவுடர் போட்டுட்டிருக்காங்க, கதவு தொறந்திருக்கு.

– தொறந்து கெடக்கட்டும். ஃபைனல்ல தோத்துக் குடுன்றியே, உனக்கே நல்லாகீதா?

– வேற வழி தெரியலப்பா. ஜெயிக்கிறவளுக்குத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை. அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். நீ சின்னவ, இன்னும் ஆடலாம். ப்ளீஸ்.

– எங்கண்ணன் ஆட வுடுவானா? எங்க குப்பத்துக் கேரம் கிளப்புல நான் ஒருத்திதான் பொண்ணு. அவனுங்க பேசாத பேச்சு கெடையாது. மீன் வித்துட்டு வந்து, கைய சோப்பு போட்டுத் தேச்சுக் கழுவிகினு ஆடுனவ நானு. எவங்கிட்டயும் ஒரு காயின் சும்மா வாங்குனதில்ல.

– தெரியும்.

– இன்னா தெரியும்? காலைல செமி ஃபைனல்ல தீபாவையே சாச்சேன். தாம்பரத்துல எவளால முடிஞ்சுது? சந்தோசத்துல நாஷ்டாகூட துன்னல.

– அதப் பத்திப் பேச வேணாம்.

– ஏன், வயித்தெரிச்சலா?

– கடைசி போர்டுல ரெட்டு காயின் பாக்கெட் வாய்லயே நின்னுது. தீபா அத விடுவாளா? கண்ண மூடிட்டே போடுவா.

– அவளுக்குக் கை நடுங்கிச்சு.

– நடுங்கல. நான்தான் எஸ்.எம்.எஸ் அனுப்பிக் கெஞ்சினேன். அவளுக்குத் தை மாசம் கல்யாணம், ஆட்டத்தையே விடறா. நீயும் நானும் ஒரு ஃபைனலாவது ஆடணும்னு அஸ்தினாபுரத்துல ப்ராக்டீஸ் பண்ணறப்போ எத்தன நாள் பேசியிருப்போம்! உனக்காகத்தான் கேட்டேன்.

– எனக்காகவா? தீபாவ வுட நான் லேசுன்னா?

– ...அதுவும்தான்.

– அந்த ரெட்ட நான் போட்டப்போ எல்லாரும் கை தட்டுனாங்க. நீயுந்தான் தட்டுன.

– ஏய், நம்ம பேர் கூப்பிடறாங்க. இந்த ஒரு தடவ எனக்காக... எங்க போற? போர்டு இந்தப் பக்கம்!

– கைய வுடு.

– அம்பையர்கிட்ட சொன்னா எனக்கும் போயிடும், உனக்கும் போயிடும்!

– ஸ்ரீநிவாசராகவன் சார்! ஃபைனல நிறுத்துங்க சார். காலைல நான் ஜெயிக்கல. தீபாவக் கூப்புடுங்க, மறுபடி ஆடறேன். தோத்தா நானே தோத்துட்டுப் போறேன்.