வேலைக்கு வர வே…

மெஷின்: வியாழக்கிழமை முதல் வேலைக்கு வர வே……… மாணிக்கவாசகம்.

கிருஷ்ணராஜ்: பாரு, மறுபடியும் அதே இடத்துல முழுங்குது.

முரளிதரன்: பிரிண்டரோட மோதுதோ என்னமோ… சவுண்ட் கார்டுல ஜம்பர் பின்னை மாத்திப் பாக்குறேன்.

கிருஷ்ணராஜ்: பிரிண்டரை நேத்தே கழட்டி வச்சுட்ட. இல்லாத பிரிண்டரோட அது எப்படி முரளி மோதும்?

முரளிதரன்: கார்டும் பழசு…

கிருஷ்ணராஜ்: அடுத்தது நம்ம அக்ரஹாரத்துக் கரன்டைக் குறை சொல்லு. நாளைக்கு வியாழன். ஊதுபத்தி ஆபீசுக்கு ஃபோன்ல வர்ற ஆர்டரை நான் டைப் அடிக்கோணும், மெஷின் எனக்குத் திருப்பிப் படிக்கோணும். கண்ணு தெரியாதவனுக்கு இதுதான் கண்ணு. இதுவே பாதியில முழுங்கினா?

முரளிதரன்: தெரியும்பா.

கிருஷ்ணராஜ்: போன வாரம் முதலாளி மாணிக்கவாசகம் வந்து கேட்டப்பவும் இப்படித்தான் முழுங்குச்சு. ‘என் முடிவை ஃப்ளாப்பியில அனுப்புறேன், உன் மெஷினே படிச்சுச் சொல்லட்டும்’னு போனாரு. ஃப்ளாப்பி வந்து மூணு நாளாச்சு.

முரளிதரன்: ஒரு காபி குடிச்சுட்டு வந்து…

கிருஷ்ணராஜ்: இது மூணாவது காபி. மணி என்ன?

முரளிதரன்: பன்னெண்டுக்குப் பத்து. ஆமா, ஃபோன் ரிசீவரை ஏன் கீழ எடுத்து வச்சிருக்க?

கிருஷ்ணராஜ்: காலையில இருந்து ராங் நம்பர். அதை விடு. ‘வர வே’ன்னு சொன்ன உடனே ஃப்ளாப்பி கர்ர்னு சுத்துது. அப்பதான் இதுக்கு வாய் அடைக்குது. பன்னெண்டு தடவை எண்ணிட்டேன், பன்னெண்டும் அப்படித்தான். அந்த நேரத்துல கார்டு என்ன பண்ணும்?

முரளிதரன்: ஒரு துண்டு பேசி முடிச்சதும் இன்டரப்ட் அனுப்பும். ‘அடுத்த துண்டு குடு’ன்னு கதவைத் தட்டுற மாதிரி.

கிருஷ்ணராஜ்: திறக்க வேண்டியது யாரு?

முரளிதரன்: நான் எழுதின டிரைவர் புரோகிராம்.

கிருஷ்ணராஜ்: திறக்குதா?

முரளிதரன்: …ஃப்ளாப்பியைப் படிக்கிறப்ப எல்லா இன்டரப்டையும் நிறுத்தி வச்சிருக்கேன். அது முடிஞ்சப்புறம்தான்…

கிருஷ்ணராஜ்: தட்டினவன் அதுக்குள்ள போயிட்டான். அவ்வளவுதான். இது உனக்கு முந்தாநாளே தெரியும்.

முரளிதரன்: யாரு சொன்னா?

கிருஷ்ணராஜ்: உன் கீபோர்டு. ரெண்டு வரி அடிக்கிற, நிறுத்துற, டக் டக்னு அழிக்கிற. நாலு தடவை. தெரியாதவன் அப்படி அழிக்க மாட்டான்.

முரளிதரன்: ராஜு… அந்த ஆபீசு என்ன அப்படிப் பெருசு? வேற இடம் பாக்கலாமே.

கிருஷ்ணராஜ்: ரெண்டு வரி. அடி.

முரளிதரன்: இதோ, அடிக்கிறேன்.

கிருஷ்ணராஜ்: இன்னும் ஒரு தட்டு பாக்கி இருக்கு, என்டர்.

முரளிதரன்: அடிச்சுட்டேன். ஆனா ஓட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். கடுதாசி ஸ்கிரீன்ல…

கிருஷ்ணராஜ்: நீ சொல்லாத. அது சொல்லட்டும்.

மெஷின்: வியாழக்கிழமை முதல் வேலைக்கு வர வேண்டாம். மாணிக்கவாசகம்.

முரளிதரன்: மன்னிச்சுடுடா. வந்த அன்னைக்கே ஸ்கிரீன்ல படிச்சுட்டேன். நீ ‘வேண்டும்’னு நினைச்சு சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வச்சிருந்த. இதைச் சரி பண்ணினா உனக்குக் கேட்டுடுமேன்னு…

கிருஷ்ணராஜ்: எனக்கும் அன்னைக்கே கேட்டுடுச்சு.

முரளிதரன்: எப்படி? அந்த இடத்துல சத்தமே இல்லையே.

கிருஷ்ணராஜ்: சத்தம் இல்ல, நீளம் இருந்துச்சு. அந்தத் துண்டெல்லாம் உன் தங்கச்சி ஜீவிதா குரல்தானே? அவ ‘டும்’ சட்டுனு முடிஞ்சுடும். இது ‘டாம்’ நீளத்துக்குச் சும்மா இருந்துச்சு.

முரளிதரன்: தெரிஞ்சுமா என் உசிரை எடுத்த?

கிருஷ்ணராஜ்: நேத்து முதலாளிக்கு ஃபோன் பண்ணினேன். முழுங்குற மெஷினை நம்பி எப்படி வேலை தர்றதுன்னாரு. ‘உங்க வேண்டாம்ங்கிற வார்த்தையை அது முழுசா சொல்லிட்டா வேலை தருவீங்களா?’ன்னு கேட்டேன். அப்புறம், ‘நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள என் காதுல விழட்டும், வியாழக்கிழமை வா’ன்னாரு.

முரளிதரன்: என்கிட்ட ஏன்டா சொல்லல?

கிருஷ்ணராஜ்: சொன்னா அவசரத்துல தப்பா அடிப்ப. …அந்த ரிசீவரை எடுத்து என் கையில குடு. அவரு லைன்லதான் இருக்காரு.