மூலை மெஷின்

“உனக்கு அந்த நாத்தம் வரலையா கண்ணு?”

கேட்டது, ஓர் ஆபீஸ் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மா. கேட்கப்பட்டவள் என் தோழியின் அண்ணி. அப்போது அவள் அங்கே வேலையில் சேர்ந்த புதிது.

“எலி ஏதாவது செத்திருக்கும்மா.”

“எந்த எலி இத்தனை மாசம் நாறும்? யானை சைஸ் எலியா?”

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்திருக்கக் கூடாது...

விளக்கைத் தணித்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருப்பவர்கள் இப்போதே உள்ளே தள்ளி வந்துவிடுங்கள். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஈ காக்கை இல்லை. பூட்டிய கடைகளுக்கு நடுவே அண்ணி மட்டும் தனியாக நடந்து போகிறாள். லீவு நாளில்தான் அவளுக்கு வேலை. மற்ற நாளில் ஆளாளுக்கு இன்டர்நெட்டை இழுப்பார்கள், அளவு கெட்டுவிடும்.

அவள் வேலையே அளப்பதுதான். ஒரு வலைப்பக்கம் பிரவுசரில் திறக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜன்னலில்லாத அறை. ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரியான ஐந்து மெஷின்கள். அதே பக்கத்தை அவை திரும்பத் திரும்பத் திறக்கும், மூடும். வேறு எதுவும் ஓடக் கூடாது. ஒவ்வொரு முறையும் பிரவுசர் யாரும் தொடாத புதுசு போலத் திறக்க வேண்டும். பழைய ஞாபகம் ஏதாவது ஒட்டியிருந்தால் அளவு பொய். முதலில் வரும் சில அளவுகளைத் தள்ளிவிட்டு, மிச்சத்தில் நடுவில் நிற்பதை எடுப்பாள். ஐந்து மெஷினும் ஒரே அளவைச் சொன்னால்தான் நம்பலாம்.

நான்கு சொல்லின. மூலை மெஷின் மட்டும் இழுத்தது... ஒவ்வொரு தடவையும், அதே தாமதம். மூச்சைப் பிடித்து விடுவது போல.

“திங்கக்கிழமை காலைல அஞ்சும் ஒண்ணா வரலைன்னா, நீயும் வராதே” என்று மேலாளர் சொல்லியிருந்தார். அவருக்குப் பட்டப்பெயர் பல்குச்சி. பேசிக்கொண்டே பல்லிடுக்கில் குத்துவார். குச்சி நுனியில் வந்ததை உற்றுப் பார்ப்பார். மறுபடி வாயிலேயே போட்டுக்கொள்வார். அண்ணிக்கு அந்த முகத்தைக் கண்டாலே குமட்டும். ஆனால் அவள் புருஷனுக்கு, அதாவது தோழியின் அண்ணனுக்கு, வேலை போய் வெகு நாளாகியிருந்தது. வாடகையும் பிள்ளையின் படிப்பும் இவள் சம்பளத்தில்தான்.

கதவைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. அழுகிய இறைச்சிமேல் பினாயில் ஊற்றினாற்போல... நாக்கில் வந்து தித்தித்தது.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கேபிளை மாற்றினாள். இழுத்தது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். இழுத்தது. கடைசியில் மெஷினின் பக்கத்து மூடியைக் கழற்றினாள்.

ஃபேனில் முடி.

கொத்தாக, சுருண்டு, நீளமான முடி. ஈரமாக இருந்தது. அத்தனை சூட்டுக்குள் முடி எப்படி ஈரமாக இருக்கும்? பிடித்து இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அடிப்பக்கத்தில் வெள்ளையாக ஏதோ, வெந்த தோல் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணிக்கோ கழுத்தளவு கத்தரித்த முடி. குப்பைக்கூடையை இழுத்து அதிலேயே வாந்தி எடுத்தாள்.

முடியை எடுத்த பிறகும் இழுத்தது.

அப்போதுதான் கவனித்தாள். அந்த பிரவுசர் புதுசாகத் திறக்கவே இல்லை. யாரோ ஒருத்தியின் பெயரில் திறந்துகொண்டிருந்தது. இவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவள். பிரவுசரில் அவள் பேரில் இருந்த கணக்கை அழித்தாள். அடுத்த ஓட்டத்தில் அது திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது.

பல்குச்சிக்குப் போன் போட்டாள்.

“ஓ... அந்தப் பொண்ணா?” மறுமுனையில் சவக் சவக்கென்று மெல்லும் சத்தம். “பாவம்மா. பெரிய லீவு ஒண்ணு வந்துச்சு, தனியா வந்து ஓட்டிட்டிருந்தா. உட்கார்ந்த இடத்துலயே போயிட்டா. ரிப்போர்ட் பாட்டுக்குத் தினம் காலைல தானா வந்துட்டிருந்துச்சு, அதனால யாரும் உள்ள போய்ப் பாக்கல. அதுவும் என்ன சுத்தமான ரிப்போர்ட்டுங்கிறே!”

“சார்... எந்த இடத்துல உட்கார்ந்து?”

“மூலையிலதான். நல்ல நாற்காலிம்மா, தூக்கிப்போட மனசு வரல. துடைச்சு உறை போட்டுட்டோம். அதை விடு. எதை எடுத்து எதுல போடுவியோ, அஞ்சும் ஒண்ணா வரணும்.” ஏப்பம் விட்டுவிட்டு வைத்தார்.

அண்ணி மெதுவாக எழுந்தாள். உறையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தாள். மெத்தையில், ஆள் உட்கார்ந்த வடிவத்தில் பழுப்புக் கறை. இத்தனை நாளும் அதன் மேல்தான்... தொடையில் உடை பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

ஓடிப்போயிருக்கலாம். வீட்டில் போய் என்ன சொல்வது? அண்ணன் முகம் கண்முன் வந்து நின்றது.

மூலை மெஷினை மற்ற நான்கைப் போல ஆக்க முடியவில்லை. சரி, மற்ற நான்கையும் மூலை மெஷினைப் போல ஆக்கிவிட்டால்? அளக்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய புத்தி அது. எல்லாம் ஒரே மாதிரி கெட்டுப்போனால், அதுவும் ஒரே மாதிரிதானே? செத்தவளின் கணக்கை எடுத்து நான்கிலும் போட்டாள். ஓட்டினாள்.

ஐந்து ஃபேனும் சேர்ந்து சுற்றின. சேர்ந்து நின்றன. ஹ்ம்ம்ம்... கொஞ்சம் இடைவெளி. ஹ்ம்ம்ம்... ஒருத்தி வாயைத் திறந்துகொண்டு மூச்சு விடுவது போல.

அளவுகள் வந்தன. ஐந்தும், கடைசிப் புள்ளிவரை ஒன்று.

நாற்றமும் சட்டென்று நின்றுபோனது. கைக்குட்டையை அவிழ்த்து ஆழமாக மூச்சை இழுத்தாள். ஒன்றுமே இல்லை. கால் வலித்தது. யோசிக்காமல் அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வேலை நிரந்தரமானது. “கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு உன் ரிப்போர்ட்டு” என்றார் பல்குச்சி. வாசலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார். குச்சியைக்கூட வாயில் வைக்கவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. வீட்டில் அண்ணன் ஜன்னலைத் திறந்து வைத்து, பிள்ளையைத் தன் பக்கம் போட்டுக்கொண்டு படுத்தான். கேட்டால், “புழுக்கமா இருக்கு” என்றான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, துடைக்கும் அம்மா வாளியோடு அந்த அறைக்கு வந்தாள். அண்ணி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, சிரித்த முகமாகச் சொன்னாள்:

“பாத்தீங்களாம்மா? இப்பல்லாம் நாத்தமே இல்ல.”

அந்த அம்மா அவள் தோளையே பார்த்தாள். கழுத்தளவு முடிக்குக் கீழே, சட்டைமேல், நீளமாக ஒரு கொத்து... நுனியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வாளியை அங்கேயே வைத்தாள். கையிலிருந்த ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். அண்ணிக்கு முதுகைக் காட்டாமல், பின்னாலேயே அடி வைத்து வாசலைத் தாண்டி, படி இறங்கிப் போய்விட்டாள்.