இந்த டிராஃபிக் கொஞ்சம் இருக்கட்டும்

பெங்களூரில் வைட்ஃபீல்ட் போகும் பஸ் சிக்னல் முன் அசையாமல் நின்றது. எல்லோரும் உச்சுக்கொட்ட, என் முன்சீட்டில் இருந்த டீச்சர் மட்டும் மலர்ந்த முகத்தோடு விடைத்தாள் கட்டைப் பிரித்தார்.

“மெட்ரோவுல வந்திருக்கலாமே மிஸ்?” என்றார் அருகில் இருந்த இன்னொரு டீச்சர்.

“அது ரொம்ப சீக்கிரமா போயிடுது மிஸ். ஸ்கூல்ல மீட்டிங், வீட்டுல சமையல். இருபது வருஷ சர்வீஸ்ல, யாரும் என்னைக் கூப்பிடாத இடம் இந்த ஜாம் ஒண்ணுதான். வண்டி நின்னாத்தான் எழுதுற கையும் ஆடாது.”

“இன்னைக்கே மார்க் குடுக்கணுமே, முடிச்சிடுவீங்களா?”

“இன்னும் எட்டு பேப்பர்தான் பாக்கி. ஸ்வல்ப நேரம் இப்படியே நின்னா போதும்.”

கேட்டவரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் பையிலிருந்த விடைத்தாள்களை வெளியே எடுத்தார். பஸ் கிளம்பியது.

“அய்யய்யோ!” என்றார்கள் இருவரும்.