அப்பா பக்கம் யாருமில்ல

இல்லம்மா, அப்பா வராம நான் குழந்தையைச் சேர்க்கிறதில்ல. உங்களுக்குன்னு போட்ட சட்டம் இல்ல இது, வர்றவங்க எல்லாருக்கும்தான். அம்மா ஒரு பாதி சொல்லணும், அப்பா ஒரு பாதி சொல்லணும். அப்பதான் குழந்தைக்குப் பாடத்தை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியும். கிளம்பும்போது நல்லாத்தான் இருந்தாரா? மாடிப்படி வரைக்கும் வந்தாரா? அங்க வந்ததும் போன் வந்துடுச்சாக்கும்! சரி சரி, கார்லயே இருக்கட்டும். நாம பேசுவோம்.

விடுங்க, அந்தச் சக்கரத்தை அவன் சுத்திட்டுப் போறான், பிடுங்காதீங்க. நாலு வயசுல பொம்மைக் காரைச் சுத்தினா பிடுங்குறோம். நாப்பது வயசுல கார்லயே உக்காந்து ஸ்டியரிங்கைத் தடவினா பிஸியா இருக்கார்ங்கிறோம்.

சுவத்துல மாட்டியிருக்கிறதா? என் சர்டிபிகேட்தான். முதல்ல டிப்ளமோ, அப்புறம் ஸ்பெஷல் எஜுகேஷன்ல பி.எட். எதுக்குப் படிச்சேன்னா கேக்குறீங்க? இன்டர்வியூல எனக்கு முன்னாடி போன பொண்ணுங்க எல்லாம் சேவை, சேவைன்னு சொல்லிட்டு வந்தாங்க. நான் உள்ளே போய், ஒரு ஆள் மூஞ்சில கரியைப் பூசணும் மேடம், அதுக்குத்தான் படிக்க வந்தேன்னேன். அந்தம்மா பேனாவை மூடி வச்சுட்டு என்னையே பார்த்தாங்க. கோபம் படிப்பு முடியுற வரைக்கும் தாங்குமான்னாங்க. ஜென்மத்துக்கும் தாங்கும்னேன். சீட்டு குடுத்துட்டாங்க.

யார் மேலயா? கட்டின புருஷன் மேலதான். வாசல்ல உங்க செருப்பை வாங்கி ஜோடி சேர்த்து வச்சாளே, அவ என் பொண்ணு. மூணு வயசாகியும் பேச்சு வரல, கூப்பிட்டா திரும்ப மாட்டா. டாக்டர் ஆட்டிசம்னு சொன்ன அன்னைக்கே அந்த மனுஷன், எங்க பக்கம் இப்படி யாருமில்ல, இது உன் ரத்தம்னுட்டார். அவங்கம்மா பக்கத்துல நின்னு தலையை ஆட்டுறாங்க. எங்க ரெண்டு பேரையும் என் அம்மா வீட்டுல கொண்டுபோய் இறக்கிவிட்டவர்தான், அப்புறம் கோர்ட்டுலதான் பார்த்தேன். அங்கயும் அவளைத் திரும்பிப் பார்க்கல.

என்னம்மா, உங்க மாமியாரும் அதையேதான் சொல்றாங்களா? உன் ரத்தம்னா? பாருங்களேன், மாமியாருங்க எல்லாம் ஒரே காலேஜ்லதான் படிச்சிருப்பாங்க போல. அட, அழாதீங்க. இது யார் பண்ணின பாவமும் இல்ல. படிச்சவ சொல்றேன், நம்புங்க.

சும்மா வந்துடல இந்தப் படிப்பு. பயிற்சிக்குப் போன ஸ்கூல்ல ஒரு குழந்தை கடிச்சது, இதோ, தழும்பு. அங்க யாரோ பெத்ததுக்கு மூக்கு சிந்திவிடுவேன், இங்க நான் பெத்தது என் அம்மா இடுப்புல கத்திக்கிட்டு இருக்கும். போதும்டா சாமின்னு இருக்கும். அப்பல்லாம் அந்த ஆள் மூஞ்சியை நினைச்சுக்குவேன். வேளாவேளைக்கு மாத்திரை போடுற மாதிரி.

பிராக்டிகல்ல ஒரு குழந்தைக்குச் சட்டைப் பட்டன் போடச் சொல்லிக் குடுத்துக் காட்டணும். அதுல ஒரு வித்தை இருக்கு, கேட்டுக்குங்க, உங்களுக்கும் ஆகும். எடுத்த எடுப்புல பட்டனைக் கையில குடுத்தா குழந்தை சட்டையோட தூக்கி எறியும். துணியைப் பிடிக்கிறது, ஓட்டையில நுழைக்கிறது எல்லாம் அது கையைப் பிடிச்சு நாமளே செஞ்சுடணும். கடைசியா வெளியே இழுக்கிறதை மட்டும் அதுகிட்ட விட்டுடணும். முடிச்சது நான்தான்னு அதுக்குத் தோணணும், அவ்வளவுதான். என் பொண்ணு அப்படித்தான் எல்லாம் கத்துக்கிட்டா. என் உயரத்துக்கு வளர்ந்துட்டா இப்ப. பேச்சு இன்னும் கம்மிதான். ஆனா காதுல விழுந்தது ஒண்ணையும் மறக்க மாட்டா.

சரி, என் வேலைக்கு வர்றேன். ஃபாரத்துல இவங்கப்பா பேரு எழுதியிருக்கீங்க, பார்த்துட்டேன். உங்க பக்கம், சித்தப்பா பையன் லேட்டாப் பேசினான்னீங்க, எழுதிக்கிட்டேன். இவங்கப்பா பக்கம்? யாருமில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஓ, கேட்டா இப்படிச் சொல்லுன்னு அவரே சொல்லி அனுப்பினாரா? எப்ப, மாடிப்படி கிட்டயா?

அதை நான் எழுத முடியாதும்மா. இந்தா, பேனாவை மூடிட்டேன் பாருங்க.

ஐயோ, பயப்படாதீங்க. ரெண்டு இடத்துல சேர்க்க மாட்டேன்னு அனுப்பிட்டாங்கன்னு சொன்னீங்க இல்ல? நான் அனுப்ப மாட்டேன். இவன் மேல எனக்கென்ன கோபம்? உங்க மேலயும் இல்ல, சத்தியமா. கீழே மாடிப்படி கிட்ட போர்டுல என் பேரையும் பட்டத்தையும் அவ்வளவு பெரிசா எழுதி வச்சிருக்கேனே, ஊருக்குன்னா நினைச்சீங்க? ஒரே ஒரு ஆள் படிக்கணும்னு எழுதினது. இன்னைக்குப் படிச்சுட்டார்.

உக்காருங்க, முகமெல்லாம் வேர்த்துடுச்சு. தண்ணி குடிங்க. குடிச்சுட்டு, பிள்ளையை என்கிட்ட விட்டுட்டுக் கீழே போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. பட்டன் வித்தைதான். கார் கதவைத் திறக்கிறது, படி ஏறுறது, செருப்பைக் கழட்டுறது எல்லாம் நீங்களே கையைப் பிடிச்சுச் செய்ய வச்சுடுங்க. கடைசி ஒண்ணை மட்டும் அவர்கிட்ட விட்டுடுங்க. செருப்பை வாங்க என் பொண்ணு கையை நீட்டுவா. அவ மூஞ்சியை நேருக்கு நேரா பார்த்து, எங்க பக்கம் யாருமில்லைன்னு அவகிட்டயே சொல்லட்டும். அவரோட மூத்த பொண்ணுதாம்மா அவ. சொல்லிட்டாருன்னா, எழுதிக்கிறேன்.