எம்லினுக்குப் பிறகு வரிசையில் டெலித்

மேடையில் இருக்கும் போதகர் ஹாப்கின் அவர்களே, நம் சங்கத் தலைவர் இட்ரிஸ் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அன்பு டெலித், எம்லினை வழியனுப்ப மழையிலும் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் வந்திருக்கும் பெரியோரே!

முதலில், எம்லின் வாக்குமூலம் கொடுத்த அன்று அவர் கட்டிலருகே இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது. அவர் மனைவி டெலித் இருந்தாள். இட்ரிஸ் இருந்தார். செவிலி மார்கெட் இருந்தாள். நான் இருந்தேன். அரசின் இழப்பீட்டு அலுவலர் மேல்கோட்டைக் கழற்றாமல் நின்றார்.

நம் செயலாளர் எம்லின் பிராசர் யார்? ரத்தம் உறையாத நோயோடு பிறந்தவர். என் மகன் ஆலெட்டும் அப்படித்தான். மருத்துவமனை கொடுத்த மருந்தைப் பாலுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம். கடற்கரைக்குப் போகும் நாளில், எதற்கும் இருக்கட்டும் என்று கூடுதலாக ஓர் ஊசி போட்டோம். பாசம் செய்த வேலை. யார் யார் ரத்தத்தையோ கலந்து செய்த மருந்து அது. எய்ட்ஸ் கிருமியும் ஈரலைத் தின்னும் கிருமியும் அதில் இருந்தன. மேலே இருந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்குச் சொன்னார்களா?

ஆலெட்டைப் புதைத்த அன்று இதே கூடத்தில்தான் தேநீர். ஹாம் ரொட்டியை யாரும் தொடவில்லை. தொற்றிவிடும் என்ற பயத்தில் யார் யார் கையுறையைக் கழற்றவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. சிலர் இங்கேயே இருக்கிறீர்கள். எம்லின் வந்தார். ஆலெட்டின் கோப்பையையே எடுத்தார்.

"ஆன்ட்டி தெக்வென், ரெண்டு சர்க்கரை போடுங்க. உங்க டீயை வெறுமனே குடிக்கிற அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

அன்று நான் சிரித்தேன். அதன்பின், அந்த மருந்தால் சங்கமாகச் சேர்ந்த நம்மில் யார் வீட்டுச் சாவென்றாலும் எம்லின் வந்தார். ஊரே விலகி நின்றபோதும் எம்லின் வந்தார்.

எம்லினுக்கும் அதே மருந்துதான். யாரும் எச்சரிக்காததால் அவரிடமிருந்து கிருமி டெலித்துக்கும் போனது. பழைய மருத்துவக் குறிப்புகள் தொலைந்துவிட்டன என்று கைவிரித்தார்கள். டெலித்துக்கு எப்படி வந்தது என்று சொல்ல எம்லினின் வாய் ஒன்றுதான் மிச்சம். அதைக் கேட்டு எழுதத்தான் அலுவலர் வந்தார். பாதியில் நேரமாகிவிட்டது, மிச்சத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று பையை மூடினார்.

"அதுக்குள்ள நான் போயிட்டா?" என்றார் எம்லின்.

"உங்க மனைவி விண்ணப்பம் வேற வரிசைக்குப் போகும், மிஸ்டர் பிராசர். அது கொஞ்சம் நீளமான வரிசை."

"அப்போ கொஞ்சம் மெதுவா சாகட்டுமா, சார்?"

"முடிஞ்சா நல்லது."

எம்லின் அந்த வாரத்தைத் தாண்டவில்லை.

நான் பேசத் தொடங்கியதிலிருந்து டெலித் இருமுகிறாள். கேட்கிறதா? அந்த இழப்பீட்டு அலுவலகத்திலும் கேட்கிறது. காத்திருப்பதால் அவர்களுக்கு என்ன நட்டம்? நாம் ஒவ்வொருவராகக் குறையக் குறைய அவர்கள் வேலையும் குறைகிறது.

திங்கட்கிழமை காலை இந்தக் கூடத்து வாசலிலிருந்து பேருந்து கிளம்பும். அந்த அலுவலக வாசலில் நாற்காலி போட்டு டெலித்தை உட்கார வைப்போம். எம்லின் சொன்னதை அவர் வாயால் கேட்டவர்கள் சொல்வோம். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் சொல்வார். அதற்குள் டெலித்துக்கு ஏதாவது என்றால்... அதை நான் சொல்லி முடிக்க மாட்டேன்.

போதகர் மன்னிக்கச் சொல்கிறார். ஊசி போட்ட மருத்துவர் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார், அவரை மன்னித்தேன். கையுறைக்காரர்களே, உங்களையும் இன்று மன்னிக்கிறேன். பேருந்தை நிரப்ப ஆள் வேண்டும். ஆனால் "முடிஞ்சா நல்லது" என்று சொல்லிவிட்டு, இன்று மலர்வளையம் அனுப்பியிருக்கும் அந்த மனிதரை மன்னிக்க மாட்டேன். பெயரை எல்லோரும் நினைவில் வையுங்கள்: கிரிஸ்பின் யார்ட்லி.