தொடாத தோள்

— இன்னொரு பாட்டில் தண்ணி குடி, மிமோசா. உனக்கு வந்தா எனக்கும் வந்துடும்.

— வயிறு தளும்புது, தெயுட்டா. உன்கிட்ட தோத்துட்டு அழுததுலயே உடம்புத் தண்ணி பூரா போயிடுச்சு.

— பொண்ணுங்களா, சோதனைக்குச் சிறுநீர் குடுக்காம ரெண்டு பேரும் இந்த ரூமை விட்டுப் போக முடியாது. எனக்கும் வீடு வாசல் இருக்கு.

— வராததுக்கு நாங்க என்னக்கா பண்றது? நான் சாப்பிட்ட ஊக்கமருந்து எங்கப்பா கடையில சுடுற புரெக் பலகாரம்தான். இவளைச் சோதிங்க, ஜெயிச்சது இவதான்.

— அட போடி! புரெக் தின்னுட்டு எப்படித்தான் எடைக்குள்ள நிக்கிறியோ.

— இனிமே எடை எதுக்கு? ஜூடோவை விடப்போறேன்.

— லூசு மாதிரி பேசாத.

— ஐரோப்பியப் போட்டிக்கு இருக்கிறது ஒரே இடம். ஒவ்வொரு தடவையும் அது உனக்குத்தான் போகுது. போகட்டும், பரவாயில்ல.

— இன்னிக்குக் கடைசி வரைக்கும் நீதானடி முன்னாடி இருந்தே!

— அதான் எங்க கோச்சுக்கு ஆத்திரம். “அவ தோள்ல கட்டுப் போட்டிருக்கா, அந்தக் கையைப் பிடிச்சு இழு”ன்னு தொண்டை கிழியக் கத்தினார். என்னால முடியல. ஜெயிக்கிற வெறி இல்லாதவளுக்கு இங்க என்ன வேலை, உங்க ஊர் ப்ரிஸ்ரெனுக்கே போய் அப்பாகூட புரெக் சுடுன்னுட்டார்.

— அந்த ஆளுக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?

— அவர் சொன்னதுல என்ன தப்பு? அதை விடு. தோள் எப்படி இருக்கு? ஐஸ் வெச்சியா?

— கேக்காத.

— ஏய், ஏன்டி அழற? ரொம்ப வலிக்குதா?

— வலியே இல்ல, மிமோசா. தோளுக்கு ஒண்ணுமே இல்ல. சும்மா கட்டினேன்.

— ம்.

— வேற யார்கூட ஆடினாலும் கட்ட மாட்டேன். கட்டைப் பார்த்தா அங்கேயே பாய்வாங்க. நீ ஒருத்திதான் தொட மாட்டே. உன்னை ஜெயிக்க எனக்கு வேற வழி தெரியல. அடி, திட்டு, ஏதாவது பண்ணு!

— தெரியும்.

— என்ன தெரியும்?

— காலையில உனக்குத் தலை பின்னி விட்டேன்ல, அப்ப அந்தக் கையைத் தலைக்கு மேல தூக்கித் தூக்கி ரப்பர் பேண்டு குடுத்தியே.

— பார்த்துட்டுமா அந்தக் கையைப் பிடிக்காம விட்டே?

— பிடிக்கத்தான் போனேன். ஒருவேளை நிஜமாவே வலிச்சுட்டா என்ன பண்றதுன்னு கை நின்னுடுச்சு.