சரி என்று சொல்லாதவன்

எனக்குச் சேலம் ஒத்துக்கொள்வதில்லை, டாக்டர். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே தலைவலி வந்துவிடும். ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நல்ல பெஞ்ச் ஒன்று இருக்கிறது. காலையிலிருந்து அங்கே உட்கார்ந்து ஒரு மொழிபெயர்ப்பு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். பனி பெய்கிற தேசத்துக் கதை. ஒருவர் தன் எதிரியைத் தேடி ஊர் ஊராக அலைகிறார், குதிரை மாற்றுகிறார், சத்தம் போடுகிறார். இந்தக் கதைகளில் பழிவாங்குகிறவர்கள் தேவைக்கு மேல் சிரமப்படுகிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ராஜமேரிக்கு இது எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். அவளுடைய அப்பா சவுரியப்பன் சார், பிப்ரவரியில் மாதா திருவிழா மேடையில் என்கிறார். அம்மா இன்னாசியம்மாள் கிறிஸ்துமஸுக்கு அப்புறம் என்கிறார். இரண்டும் சரியல்ல. நான் அவளுக்கு டியூஷன் எடுக்கிறவன். எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.

சார் தர்மபுரியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறார். அதியமான்கோட்டையில் வீடு. போன வருஷம், எண்பத்தேழு ஜூனில், நான் வேலை செய்கிற டுடோரியலுக்கு வந்தார். மகள் பத்தாவது, இங்கிலீஷ் மீடியம், மாவட்டத்தில் முதலாவதாக வர வேண்டும் என்றார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பென்னாகரம் பக்கமுங்க சார்."

"அட. அந்தப் பக்கத்துப் பசங்களுக்குப் படிப்பே ஏறாதே. நீங்க எப்படித் தப்பிச்சு வந்தீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவிலிலிருந்து நாலைந்து பேர் காபிக்கு வருவார்கள். சார் மகளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்துவார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். மர வியாபாரி கஸ்பார் தவறாமல் வருவார். பதில் தெரியாமலே கேள்வி கேட்பார். பதினேழின் வர்க்கம் என்ன, பிளாசிப் போர் எந்த வருஷம். கேள்வி முடிவதற்குள் ராஜமேரி பதில் சொல்லிவிடுவாள். "கணக்கா, சரித்திரமா, எதுல வேணா கேளுங்க, கஸ்பாரு. எம் பொண்ணு தடுமாறவே மாட்டா" என்பார் சார். உண்மைதான். நான் பார்த்ததிலேயே தடுமாறாத பெண் அவள்தான்.

நான் தடுமாறியிருக்கிறேன். எழுபத்தெட்டில் கிராமத்துப் பள்ளியிலிருந்து சாருடைய பள்ளிக்கு வந்து ஒன்பதாவதில் சேர்ந்தேன். இங்கிலீஷ் செக்ஷன். முதல் வாரம். கணக்கு வகுப்பில் அடுக்கு என்ற பொருளில் 'பவர்' என்ற சொல்லை அப்போதுதான் கற்றிருந்தேன். அடுத்தது சாருடைய வரலாற்று வகுப்பு. ஐரோப்பிய பவர்கள் என்றால் என்ன என்று கேட்டார்; வல்லரசுகளைக் கேட்டிருக்கிறார். நான் கைதூக்கினேன்.

"நம்பரோட தலைக்கு மேல சின்னதா எழுதறதுங்க சார்."

வகுப்பு சிரித்தது. சார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "ஆடு மேய்க்கறவன் தலைக்கு மேல என்னடா இருக்கும்? வெயிலுதான் இருக்கும்." மறுபடி சிரிப்பு. அதோடு விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். பையன்கள் பட்டப்பெயர் வைப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவர் என் அப்பாவை வரச் சொன்னார்.

அப்பா மாது தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பு வாசலில் நின்றார். சார் அவர் தோளில் கைவைத்து மிக அன்பாகச் சொன்னார். "இவன் மண்டையில ஏறாதுப்பா. கூட்டிட்டுப் போயி ஆட்டுக்குப் பின்னாடி வுடு. உனக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது."

அப்பா அதை நம்பிவிட்டார். அதுதான் விஷயம், டாக்டர். அன்றைக்கே என்னைக் கூட்டிப்போனார். பிறகு நான் தனியாகப் படித்துப் பத்தாவது தேறினேன். கணக்கில் தொண்ணூற்றெட்டு. அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்து, "கேள்வி சுலபமா வந்திருக்கும்" என்றார். தபாலில் பி.ஏ. முடித்தபோதும், வந்தவர்களிடம், "பையனுக்கு மண்டை கொஞ்சம் கம்மி. வாத்தியாரே சொல்லிட்டாரு. என்னமோ கஷ்டப்பட்டு வந்துட்டான்" என்றார். அவர் சாகிறவரை அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஒரு வாத்தியார் சொன்ன வார்த்தையை மகன் எப்படி மாற்றுவது?

ராஜமேரிக்கு நான் ஒரு பொய்கூடச் சொல்லித்தரவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். சாதாரண இங்கிலீஷ் சொற்கள் கணக்கில் ஒன்றாகவும் வரலாற்றில் வேறாகவும் வரும், அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம். 'ரூட்' கணக்கில் மூலம். வரலாற்றில் ஒரு கலகத்தின் காரணம். 'பீரியட்' ஒரு காலகட்டம். கணக்கில் ஒன்று திரும்பத் திரும்ப வரும் இடைவெளி. 'பிரைம்', 'டேபிள்', 'ஃபீல்ட்', 'ரெவல்யூஷன்'. அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "அண்ணே, ஒரே சட்டைய ரெண்டு பேரு மாத்தி மாத்திப் போடற மாதிரி இருக்கு" என்றாள். நல்ல உவமை. புத்திசாலிப் பெண்.

என் பங்கு ஒன்றே ஒன்று. அவள் சரியாகச் சொன்னால் நான் சரி என்று சொல்வதில்லை. பென்சிலைக் கீழே வைப்பேன். "நல்லா யோசிச்சியா?" என்பேன். அவள் மறுபடி யோசிப்பாள், மாற்றிச் சொல்வாள். அதற்கும் அதே கேள்வி. கடைசியில் முதலில் சொன்னதற்கே திரும்பி வருவாள். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

ஆகஸ்டில் அவள் பதிலோடு 'இருக்கலாம்' சேர்க்க ஆரம்பித்தாள். செப்டம்பரில், "இது கணக்குக்காண்ணே, சரித்திரத்துக்காண்ணே?" என்று கேட்காமல் எந்தச் சொல்லையும் தொடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்சிகளில் தாமதம் வந்தது. "பாப்பா இப்பல்லாம் ஆழமாப் போவுது" என்றார் கஸ்பார். தீபாவளி சமயம் அவள் அம்மா ரசத்தைக் கொடுத்து உப்பு சரியா என்று கேட்டார்கள். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "யாருக்குச் சரியான்னு கேக்கறீங்கம்மா?" அம்மா சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை; வேலை எங்கே வந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு வாசல்படி. வலது காலா இடது காலா என்று நிற்பாள். பள்ளி பஸ் போய்விடும். இன்னாசியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "தம்பி, நீங்கதான் அவளுக்குத் தைரியம் சொல்லோணும். நீங்க சொன்னா வேதவாக்கு." அதிகம் படிக்கிற பிள்ளைகளுக்கு இது வருவதுதான், தானே போய்விடும் என்று சொன்னேன். எனக்கு அவர்கள் எப்போதும் பெரிய டம்ளரில்தான் காபி தருவார்கள்.

ஜனவரியில் ஒருநாள் ராஜமேரி புத்தகத்தை மூடிவிட்டாள். நகமெல்லாம் கடித்துக் குதறியிருந்தாள்.

"அண்ணே, ஒரே ஒரு தடவை சரின்னு சொல்லுங்கண்ணே. அப்புறம் கேக்க மாட்டேன்."

ரெண்டும் ரெண்டும் நாலு என்று எழுதி வைத்திருந்தாள். நான் அந்த நாலைப் பார்த்தேன். அப்போது நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். என் அப்பா தலைத்துண்டோடு நின்றது ஞாபகம் வந்தது.

"நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

திருவிழாவில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வினாடிவினாவுக்குச் சாரே மைக்கைப் பிடித்தார். கோவிலைச் சேர்ந்த பங்குச் சனம் முழுக்க உட்கார்ந்திருந்தது. நான் மூன்றாவது வரிசையில் வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தேன்.

"முதல்ல உன் பேரைச் சொல்லும்மா."

அவள் மைக்கைப் பார்த்தாள். "எந்தப் பேருங்கப்பா? ஞானஸ்நானப் பேரா, வூட்டுப் பேரா? எதுக்குக் கேக்கறீங்கன்னு சொன்னாத்தான்..."

பின்னாலிருந்து ஒருவன், "வாத்தியாரு வூட்டுல பேருக்கும் டியூஷன் வெக்கோணுமாட்ட இருக்குது" என்றான். பந்தலே சிரித்தது. சார் இன்னொரு தடவை கேட்டார். பிறகு எல்லோர் முன்னாலும் அவளை அறைந்தார். அவருடைய முகத்தை மேடை வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்க முடிந்தது. பத்து வருஷத்தில் நான் இத்தனை நிம்மதியாக உட்கார்ந்ததில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் மற்றப் பேச்சையெல்லாம் நிறுத்தினாள், சாப்பாட்டையும். சோற்றை வாய்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "தீர்த்தகிரி அண்ணங்கிட்ட கேட்டுட்டுச் சாப்படறேன்" என்கிறாளாம். அதனால்தான் என்னையும் உடன் அழைத்து வந்தார்கள்.

இங்கே வரும் வழியில், பஸ் தொப்பூர் தாண்டும்போது சாரிடம் சொன்னேன். மகள் அம்மாவின் மடியில் படுத்திருந்தாள். நான் யார் என்று சொன்னேன். எழுபத்தெட்டு, ஒன்பதாவது, மாதுவின் மகன், தலைக்கு மேல் வெயில். சார் கண்ணை மூடி உண்மையாகவே யோசித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனையோ பசங்க, தம்பி. ஞாபகம் வரமாட்டேங்குது, மன்னிச்சுக்கோங்க. அப்பவே நீங்க நல்லாப் படிப்பீங்களா?"

இப்போது நீங்கள் கேட்கிறீர்கள்: உள்ளே போய், அவள் எதைக் கேட்டாலும் சரி என்று சொன்னால் போதும், இன்றைக்கே இரண்டு வாய் சாப்பிடுவாள் என்று. நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. அது வேலை செய்யும் என்றும் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

ஆனால் முதலில் சாருக்கு ஞாபகம் வரட்டும். என் அப்பா எந்த வாசலில் நின்றார், இவர் எந்தத் தோளில் கைவைத்தார் என்று அவர் வாயால் சொல்லட்டும். அதுவரை நான் வெளியே காத்திருக்கிறேன், எனக்கு அவசரமில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை, டாக்டர்.